கயிறு புடிச்சவன் ஊரு

கிட்ட வந்து உக்காரு கண்ணு, போர்வைக்குள்ள காலை விட்டுக்கோ. நடுநடுவுல "ம்" போடணும், சரியா?

ஒரு ஊர்ல காசியம்மான்னு ஒரு மீன்காரி. அவ பாட்டன் பூட்டன் எல்லாம் மீன் பின்னாடியே வந்து கரை சேர்ந்த சனம். அலை அடங்கி, பாறை இல்லாம, மண்ணைத் தோண்டினா நல்ல தண்ணி ஊறுற இடமாப் பாத்துக் குடிசை போட்டாங்க. அந்த எடத்தை யாரு குடுத்தா? கடல் குடுத்துச்சு!

அப்போ ஒரு பண்ணையார் வண்டியில கடகடன்னு வந்தான். கடக்காத்து வாங்க மாளிகை கட்டணுமாம். "தெக்கால போங்க"ன்னான். பாவி! தெக்கால பூரா பாறை. கட்டுமரம் வந்து மோதி டமால்!

ம் போடு.

அப்புறம், "வடக்கால போங்க"ன்னான். அங்க ஆத்து முகத்துவாரம். மழையில வெள்ளம் திபுதிபுன்னு வந்து அடுப்பு, பானை, கோழி எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போச்சு. அப்புறம், "மேக்கால பனங்காட்டுக்குப் பின்னாடி போங்க"ன்னான். கடலே தெரியாத எடத்துல மீன்காரன் என்ன செய்வான், பனங்கொட்டையவா புடிப்பான்? கூட்டங்கூட்டமா மீன் வந்துச்சு, போச்சு. பாக்க ஆளில்ல. புள்ளைங்க பசியில அழுவுது. பாதிப்பேரு கூலிக்கு அயலூர் போயிட்டாங்க. கேக்கவே வயிறு எரியுதில்ல?

ஒருநாள் காசியம்மா பனைமேல ஏறிப் பாத்தா. பழைய கரைக்கு நேரா கடல்ல கடக்காக்காயும் கடக்குருவியும் கியா கியான்னு மொய்க்குது. மீனு! மிச்சமிருந்த ஆம்பளைங்களை ஆத்தோரம் கெடந்த படகுல ஏத்தி அனுப்பிட்டு, அவ பழைய கரைக்கு ஓடினா. அவங்க வலைக் கயித்தோட ஒரு முனையை அந்தக் கரையில போட்டுட்டு, கடல்ல வளைச்சு வலை விட்டு, மறுமுனையையும் கரைக்குக் கொண்டாந்தாங்க. ரெண்டு பக்கமும் நெறைய பேரு நின்னு இழுக்கணும். ஆனா கரையில ஏது ஆளு? பண்ணையாரோட காவக்காரங்கதான் தடியோட நிக்கிறாங்க.

"ஏ பொம்பளே, போ அந்தாண்ட!"

"போறேன்டா தம்பி. காலையில என்னடா சாப்ட்டீங்க?"

"பண்ணை வீட்டுப் புளிச்ச கூழு."

"நேத்து?"

"அதேதான்."

"எங்க கரையில கயித்தைத் தொட்டவனுக்குப் பங்கு உண்டு. யாரு, எந்தத் தெருன்னு கேக்கமாட்டோம்."

அவனுங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்தானுங்க. பொத்துன்னு ஒரு தடி விழுந்துச்சு. பொத்து, பொத்து! அப்புறம் ஏலேலோ ஐலசா, ஏலேலோ ஐலசா! வலை சரசரன்னு கரையேறுது, மீன் தடதடன்னு துள்ளுது. சேதி கேட்டு அவனுங்க பொண்டாட்டி புள்ளைங்களும் ஓடியாந்து கயித்தைப் புடிச்சாங்க. நம்ம ஊரு மேலத்தெரு இருக்குல்ல, அவங்க போட்ட குடிசைதான்.

ம் போடு. தூங்கிட்டியா?

அப்போ பண்ணையார் மூச்சு வாங்க ஓடியாந்தான். "என் கரையில வலை போடச் சொன்னது யாரு? டேய், அடிங்கடா!"

ஒருத்தனும் திரும்பல. எல்லார் கையிலயும் கயிறு.

காசியம்மா நனைஞ்ச கயித்து முனையை எடுத்து அவன் உள்ளங்கையில வச்சா. "புடிங்க ஐயா. இழுத்தா உங்களுக்கும் ஒரு பங்கு. இழுக்கலேன்னா தள்ளி நில்லுங்க, வலைக்கு வழி வேணும்."

கதை கரையேறிடுச்சு, கண்ணை மூடு.