காப்பியைத் தலைமுழுகிய நால்வர்

கோணவாய்க்கால் ஊரில் சுவரில் பெயரெழுதிப் பிழைக்கிற நாலு பேர் இருந்தார்கள். தலைவன் பூவலிங்கம் எழுதுவான். மாசிலாமணி ஏணியைப் பிடிப்பான். சடையாண்டி பெயிண்டைக் கலக்குவான். மற்ற மூன்று பேரும் செய்ததைத் துடைப்பது தவசியின் வேலை. நாலு பேரில் ஓய்வே இல்லாமல் உழைத்தவன் தவசிதான்.

தங்களுக்குப் புத்தி மட்டு என்பது அவர்களுக்கே தெரியும். அதில் அவர்களுக்கு வருத்தமும் கிடையாது. "எனக்கு மூளை இருக்கவேண்டிய இடத்தில பிரஷ் கழுவுன தண்ணிதான் இருக்கு" என்று பூவலிங்கமே யாரிடமும் கூசாமல் சொல்லுவான். "சொந்தமா யோசிச்சு நாங்க செஞ்ச காரியம் ஒண்ணும் உருப்பட்டதில்ல. அதனால விவரம் தெரிஞ்சவங்க என்ன சொல்லுதாங்களோ, அதை ஒரு எழுத்து மாறாம செஞ்சிருவோம்."

இவ்வளவு நல்ல கொள்கை இருந்தும் அவர்களுக்குக் கஷ்டம் வந்தது. காப்பியால் வந்தது.

வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு காப்பி. தொடங்கிவிட்டோமே என்று ஒரு காப்பி. பெயிண்ட் காய்கிற வரைக்கும் சும்மா நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்று ஒரு காப்பி. இப்படியே குடித்துக் குடித்துப் பூவலிங்கத்துக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு துணிக்கடைச் சுவரில் அவன் எழுதிய பெயர், குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல நெளிந்தது. கடைக்காரர் சுவர் விரிசல் விட்டுவிட்டதோ என்று பயந்து கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனாரும் பொறுப்பாக அந்த விரிசலைப் பூசிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். ஊருக்கு வெளியே புது ரைஸ் மில் கட்டியிருந்தார். ரோட்டைப் பார்த்த நீளச் சுவர் முழுக்கப் பெயர் எழுத வேண்டும்.

"எழுத்து நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும். கோணலா இருந்துச்சு, வெளியூர் ஆளைக் கூட்டியாந்துருவேன். அப்புறம் இந்த ஊர்ல ஒரு பய உங்களுக்குச் சுவர் தரமாட்டான்" என்றார்.

வெளியே வந்ததும் பூவலிங்கம் தன் கையைப் பார்த்தான். அது அவனைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழில்தான். அதுவும் பாதிதான் தெரியும். இதுவும் போச்சுன்னா நான் என்னலே செய்வேன்?" என்றான். விவரம் தெரிந்தவர்களைக் கேட்போம் என்று நாலு பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

டாக்டரம்மா அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீங்க?"

"எண்ணுனதில்லம்மா. எண்ணணும்னு உக்காந்தா அதுக்கு ஒரு காப்பி குடிக்க வேண்டியிருக்கு."

"சரிதான். இன்னையோட நாலு பேரும் காப்பியைத் தலைமுழுகிருங்க. டீக்கு மாறிருங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுவும் அளவா. ஆரம்பத்துல தலைவலி வரும். பயப்படாதீங்க."

அன்று மத்தியானமே அவர்கள் வேப்பமரத்தடியில் கூடி ஆலோசித்தார்கள்.

"தலைமுழுகணும்னு சொல்லிட்டாங்க" என்றான் பூவலிங்கம். "வைத்தியம்னா அப்படித்தான் இருக்கும். நமக்குப் புரியாது."

"பால் சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டான் சடையாண்டி. கலக்குவது அவன் துறை.

"நாம குடிச்சது பால் காப்பி. கையைக் கெடுத்ததும் பால் காப்பி. அப்ப அதையேதான் தலைமுழுகணும்."

"சர்க்கரை?"

இதில்தான் வாக்குவாதம் நீண்டது. சர்க்கரை போட்டால் முடி சிக்குப் பிடிக்கும் என்றான் மாசிலாமணி. போடாவிட்டால் வைத்தியம் பலிக்காது என்றான் தவசி. கடைசியில் அரைச் சர்க்கரை என்று முடிவாயிற்று.

பெரிய அண்டாவில் காப்பி போட்டு, ஆறவைத்து, நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து தலையில் ஊற்றிக்கொண்டார்கள். பூவலிங்கத்தின் மீசையில் வழிந்தது ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அவன் முகம் வெளுத்துப் போனது.

"லே, நான் குடிச்சிட்டேன்."

தவசி யோசித்தான். "இல்லண்ணே. ஆத்துல குளிக்கும்போது வாய்க்குள்ள தண்ணி போனா தண்ணி குடிச்சேன்னா சொல்லுதோம்? இது குளியல்ல சேந்தது."

பூவலிங்கத்துக்கு மனம் ஆறியது. அப்படியானால் இன்னும் ஒரு தடவை குளிக்கலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. தோன்றியதைத் தானே கண்டித்துக்கொண்டான். அதற்குள் எறும்பு வந்துவிட்டது. நாலு பேரும் எழுந்து நடந்தார்கள். எறும்பும் பின்னால் நடந்தது. கடைத்தெருவில் ஜனங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எந்த வீட்டில் விசேஷம் என்று கேட்டார்கள்.

அடுத்து, டீக்கு மாற வேண்டும். வீடு மாறுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். ஏணி, பெயிண்ட் டப்பா, பாய், தலையணை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பேச்சித்தாய் அக்காவின் டீக்கடைக்குப் போய் இறக்கினார்கள்.

பேச்சித்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "என்னய்யா இது?"

"டீக்கு மாறியிருக்கோம்க்கா. டாக்டரம்மா சொன்னாங்க."

"டீக்கு மாறணும்னா டீ குடிக்கணும்யா. தலையணை எதுக்கு?"

"எவ்வளவு நாள்ல பழகும்னு அவங்க சொல்லலையே."

அன்றைக்கு அவளுடைய டீ மாஸ்டர் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். கடையில் கூட்டம். கைக்கு உதவியாக நாலு ஆள் வந்திருக்கிறார்களே என்று அவள் ஆறுதலாக நினைத்தாள். இந்தக் கதையில் சொந்தமாக யோசித்து ஏமாந்தவள் அவள் ஒருத்திதான்.

"மாசிலா, அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது அடுப்பைச் சுற்றிப் பால் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்துக்கோன்னு சொன்னேனேய்யா."

"பாத்தேன்க்கா. கண்ணை எடுக்கல. முதல்ல ஓரத்துல நுரை கட்டுச்சு. அப்புறம் மெதுவா எந்திரிச்சுச்சு. பாதி வரைக்கும் இந்தப் பக்கமாவும், மீதி அந்தப் பக்கமாவும் போச்சு. என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்லுதேன்."

ஒருவர் வந்து, "சர்க்கரை தூக்கலா ஒரு டீ" என்றார். சடையாண்டி சர்க்கரை டப்பாவை எடுத்துப் பரணில் வைத்தான். இன்னும் தூக்கலாக வேண்டுமோ என்று சந்தேகம் வந்து, ஏணி போட்டுக் கூரை ஓட்டின்மேல் வைத்தான். "போதுமாண்ணாச்சி?" என்று மேலிருந்தே மரியாதையாகக் கேட்டான். அவர் டீயை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரையே இல்லையே என்றார். "இங்கன இருக்கு" என்று சடையாண்டி கூரையைக் காட்டினான்.

தவசியிடம் பேச்சித்தாய், "டீயை நல்லா ஆத்திக் குடு" என்றாள். அவன் டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு, "வருத்தப்படாதே, எல்லாம் சரியாப் போகும்" என்று தாழ்ந்த குரலில் ஆற்றிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். டீ அதற்குள் தானே ஆறிவிட்டது.

இந்த அமளிக்கு நடுவில் பூவலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தான். முதல் மடக்கில், யாரோ காப்பியைப் பற்றி அவனிடம் பொய் சொல்வதுபோல இருந்தது. இரண்டு மூன்று நாளில் அந்தச் சுவை பிடித்துப்போயிற்று. டீ லேசாக இருந்தது, குடித்தபின் நெஞ்சு படபடக்கவில்லை. "நம்ம தரத்துக்கு டீதான்லே சரி" என்றான். "காப்பி குடிச்சா நான் பெரிய ஆளுன்னு நினைப்பு வருது. டீ குடிச்சா நான் யாருன்னு தெளிவாத் தெரியுது. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா தெரியுது."

தலைவலியும் வந்தது. ஆனால் அவனுக்கு மட்டும்தான் வந்தது. மற்ற மூவரும் கலங்கிப் போனார்கள். டாக்டரம்மா வரும் என்று சொன்னது வரவில்லை என்றால், எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்? கடைசியில் ஒருவர் தலையை ஒருவர் ஏணியில் முட்டவைத்து, மூவரும் தலைவலியை வரவழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அவர்களுக்கு நிம்மதியாயிற்று.

ஒரு நாள் காலையில் பூவலிங்கம் கையை நீட்டிப் பார்த்தான். அது கல்லில் செதுக்கியதுபோல நின்றது. அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. இது வேறு யாருடைய கையோ என்று திருப்பிப் பார்த்தான். அவனுடையதுதான். நகத்தில் பெயிண்ட் இருந்தது.

நாலு பேரும் மில்லுக்குப் போனார்கள். பூவலிங்கம் ஏணியில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். பாதிப் பெயர் எழுதிவிட்டு இறங்கி, எட்டி நின்று பார்த்தால், எழுத்தெல்லாம் பழையபடி நெளிந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அண்ணன் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்தே, மாசிலாமணி யாரும் சொல்லாமல் ஏணியை எதிர்ப்பக்கமாக ஆட்டிவந்தான். கை வலது பக்கம் இழுத்தால் ஏணி இடது பக்கம் போகும். அண்ணன் மானத்தைத் தான்தான் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு. இப்போது கை நின்றுவிட்டது. ஏணியை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

சுவரைப் பார்க்க ஆவுடையப்பன் அண்ணாச்சி வெளியே வந்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை அழிச்சிட்டு, நேரா எழுதி முடிக்கிற வரைக்கும் ஒரு பயலும் என் மூஞ்சியில முழிக்கக்கூடாது."

அவர் உள்ளே போனார். தவசி சுண்ணாம்பு அடித்து எழுத்தை மறைத்தான். பிறகு நாலு பேரும் புளியமரத்தடிக்குப் போய் நிலைமையை ஆராய்ந்தார்கள்.

"அண்ணாச்சி மூஞ்சியில முழிக்கக்கூடாதாம்" என்றான் மாசிலாமணி.

"அவர் எப்ப வெளிய வருவார்னு நமக்குத் தெரியாது. எந்தப் பக்கமா வருவார்னும் தெரியாது" என்றான் சடையாண்டி.

"அப்ப வேலை முடியுற வரைக்கும் கண்ணை மூடிக்கிறதுதான் பத்திரம்" என்றான் பூவலிங்கம். "எழுதுறதுக்குக் கை போதும். கண்ணைத் திறந்து எழுதி நான் என்னத்தைக் கிழிச்சேன்?"

மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நடந்தார்கள். கையில் ஏதோ தட்டுப்பட்டதும் நின்றார்கள். நெல் இறக்கிவிட்டு மில் வாசலில் நின்றுகொண்டிருந்த லாரி அது.

"சுவர் பலகை மாதிரில்லா இருக்கு" என்றான் மாசிலாமணி, தடவிப் பார்த்து.

"அண்ணாச்சி வசதியான ஆளு."

"கொஞ்சம் சூடா வேற இருக்கு."

"உள்ள நெல்லு அவிக்கிறாங்க."

ஏணி ஆபத்து என்று இந்தத் தடவை தரையில் நின்றே எழுதினான் பூவலிங்கம். ஆவுடையப்பன் ரைஸ் மில். கை கொஞ்சமும் அசங்கவில்லை. எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுத்தால் அழகாக இருக்கும் என்று பிரஷை வைத்தான். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

"மிஷின் போட்டுட்டாங்க போல" என்றான் தவசி.

பூவலிங்கத்துக்குப் புல்லரித்தது. அவன் கையை நகர்த்தவே இல்லை. கோடு தானாகப் போய்க்கொண்டிருந்தது. "டீ குடிச்சா இப்படியாலே வேலை நடக்கும்? என் வாழ்நாள்ல இவ்வளவு நேரா ஒரு கோடு இழுத்ததில்ல" என்றான். நிஜம்தான். அந்தக் கோடு லாரியின் கடைசிப் பலகை வரைக்கும் நூல் பிடித்ததுபோலப் போய், லாரியோடு சேர்ந்து மெயின் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

சத்தம் கேட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். சுவர் வெள்ளையாக இருந்தது. அதற்கு முன்னால் நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதுபோல நின்றார்கள். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவர் பக்கத்தில் வந்து, குனிந்து பூவலிங்கத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே" என்றான் சடையாண்டி, கண்ணைத் திறக்காமலே. "மில்லுக்குப் புள்ளி வச்சியா?"

"நல்லவேளை ஞாபகப்படுத்துனே" என்று சொல்லி, பூவலிங்கம் பிரஷை நன்றாக முக்கி எடுத்து, நடுக்கமில்லாத கையால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தான். அது அண்ணாச்சியின் நெற்றிக்கு நேர் நடுவில், வட்டம் கொஞ்சமும் பிசகாமல் விழுந்தது.

பிறகு, வேலை முடிந்துவிட்டதால், நாலு பேரும் அவர் மூஞ்சியில் முழித்தார்கள்.