ஆறு விசில் சவரிமுத்து

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரு சிஷ்யர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பதுதான்: பக்கத்து வீட்டு ரெஜினா, ஊட்டியில் ஒரு சைனீஸ் ஹோட்டலில் வாணலி பிடித்தவள். சிரிக்காதீர்கள். தேவை வந்தால் யார் காலிலும் விழத்தான் வேண்டும்.

சவரிமுத்துவுக்குத் தேவை வந்திருந்தது. நாலு வருஷம் கழித்து மகன் சகாயம் அன்று சாயங்காலம் வருகிறான். பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு எட்டு மணி கடைசி பஸ்ஸில் போய்விடுவானாம். போனில் சொன்னது அவ்வளவுதான்.

தாய் செத்த அன்று தாமதமாக ஓடிவந்த பிள்ளையைப் பார்த்து, ஊரே கேட்க, "உன்னாலதாண்டா அவ செத்தா" என்றவர் சவரிமுத்து. கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? இன்றைக்கு விட்டால் அவன் இந்த வாசலை இனி மிதிக்க மாட்டான்.

ருசியாக ஒரு வாய் போட்டால் உட்காருவான் என்று நினைத்தார்; ஆனால் கையில் இருந்தது அரைக் கிலோ மாட்டுக்கறி, அதுவும் மலிவாகக் கிடைத்த முரட்டுக்கறி. கூடவே, பூ விரிந்துவிட்டதென்று மண்டியில் கழித்துப் போட்ட ஒரு ப்ரோக்கோலி.

சவரிமுத்து குக்கரை எடுத்தார். "ஆறு விசில் விட்டாத்தான் இது வழிக்கு வரும்."

"குக்கரை உள்ள வைங்க மாமா. ரெண்டே நிமிஷம்," என்றாள் ரெஜினா.

"மாட்டுக்கறியா? ரெண்டு நிமிஷத்துலயா? யாருகிட்ட கதை விடுற?"

"நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்லுங்க."

"நாப்பது வருஷமா கறி திங்கிறேன், நாரை யாரு பாத்தா?"

"இப்பப் பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வாரிவிட்ட தலைமுடிபோலக் கோடு கோடாக எல்லாம் ஒரே திசையில் ஓடியது. "அட ஆண்டவரே!" என்றார். இத்தனை நாள் இதன்மேல் கத்தியை வைத்தவர் இதைப் பார்த்ததே இல்லை.

ரெஜினா கறியைத் திருப்பி வைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்தாள். ஒரு சிட்டிகை சோடா உப்பு, சோள மாவு, சோயா சாஸ் போட்டுப் பிசைந்து மூடிவைத்தாள்.

"இனிமே?"

"அரை மணி நேரம் சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பது அவருக்கு லேசா? "அவன்கிட்டச் சொல்றதை மனசுல வரிசையா வச்சிருக்கேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன், எத்தனை நாள் தூக்கமில்ல, ஆஸ்பத்திரியில நான் பட்ட பாடு... எல்லாம் சொன்னா அவன் மனசு இளகுமில்ல?"

ரெஜினா ப்ரோக்கோலித் தண்டின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு சகாயம் வந்தான். சான்றிதழை வாங்கிப் பையில் வைத்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வாணலி புகைந்தது. ரெஜினா கறியைப் பரப்பினாள். சுரீரென்று ஒரு சத்தம்! சிவப்பு பழுப்பாக மாறுவதை சவரிமுத்து வாயைப் பிளந்து பார்த்தார். பூண்டும் மிளகும் ப்ரோக்கோலியும் விழுந்தன. மிளகு வாசம் வாசல்வரை போயிற்று.

"இன்னும் கொஞ்சம் வேகட்டுமே?"

"இனி வெந்தா செருப்புத் தோலு."

இறக்கிவிட்டாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். பல்லுக்கு வேலையே இல்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த முரட்டுக்கறியா! ஒரு நிமிஷம் அடுப்படியிலேயே கைகூப்பி நின்றார்.

ரெஜினா கூப்பிட்டாள் என்பதற்காக சகாயம் உள்ளே வந்து உட்கார்ந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டான். தட்டு காலியானது. மணி ஏழரை. கை கழுவ அவன் எழவில்லை.

சவரிமுத்து மனசில் வரிசையாக வைத்திருந்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"தப்பு என்மேலதாண்டா சகாயம்."

அவன் முதல்முறையாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஆனா அன்னிக்கு நான் இருந்த நிலைமையில..."

"மாமா, போதும், இறக்குங்க," என்றாள் ரெஜினா. "தட்டு காலியா இருக்கு. சோத்தைப் போடுங்க."