பதினோரு கோடும் கத்துது

"எங்க நின்னாலும் கத்துது மேடம். நான் எங்கதான் துளை போடுறது?"

கேட்டவர் கோட்டைச்சாமி. வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் தண்ணிக்கு போர் போட்டவர். இப்போது யுரேனியம் தேடக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்.

குரு ஜரினாவுக்கு இருபத்தொன்பது.

செம்மண் காடு. சுண்ணாம்பில் பதினோரு கோடு. பத்தடிக்கு ஒரு தடவை நின்று கருவியைத் தரைப்பக்கம் பிடிக்கணும். கீழே யுரேனியம் இருந்தால் டக்டக்கென்று கத்தும். அவ்வளவுதான் வேலை.

ஒரே ஒரு துளைக்குத்தான் அனுமதி. நாளை மதியம் துளை போடும் மெஷின் லாரியேறிப் போய்விடும். தப்பான இடத்தில் போட்டால் கோட்டைச்சாமியும் அதே லாரியில் ஊருக்குப் போகலாம்.

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும். நாம சுரங்கத்து மேலயே நிக்கிறோம் மேடம்!"

ஜரினா கருவியை வாங்கிக்கொண்டு தனியாக நடந்தாள். முதல் கோடு. இரண்டாவது கோடு. எப்போதாவது ஒரு டக்.

திரும்பி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

டக்டக்டக்டக்.

"பாத்தீங்களா!"

"பாத்தேன். அப்போ உங்களைத்தான் தோண்டணும்ணே."

அவருக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே?

ஜரினா கருவியை வாங்கி அவர் தலையருகே பிடித்தாள். சத்தமில்லை. வயிற்றருகே பிடித்தாள். சும்மா கிடந்தது. இடது மணிக்கட்டுக்கு வந்ததும் பேய் பிடித்த மாதிரி கத்தியது.

"என்ன வாட்ச் இது?"

"மாமனாரோடது. பட்டாளத்துல இருந்தவரு. கல்யாணத்தன்னைக்குத் தன் கையிலேர்ந்து கழட்டி மாட்டிவிட்டாரு. இருட்டுல முள்ளு மின்னும்."

"மின்னாம? பூசியிருக்கிறது ரேடியம். யுரேனியம் மாதிரியே அதுக்கும் இந்தக் கருவி கத்தும். பெரிய இடத்து மாப்பிள்ளைதான். சுரங்கத்தையே சீராக் குடுத்திருக்காங்க!"

கோட்டைச்சாமி முறைத்தார். பிறகு அவரால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வாட்ச்சை ஜீப்பில் வைத்துவிட்டு முதல் கோட்டிலிருந்து மறுபடி நடந்தார்.

ஆறு கோடு ஒன்றுமில்லை. காலையில் காடு முழுக்க யுரேனியம். இப்போது ஒரு குண்டுமணி கூட இல்லை.

ஏழாவது கோட்டில் ஒரு முள்ளுப்புதர்.

டக்டக்டக்.

அவர் நம்பவில்லை. மணிக்கட்டைப் பார்த்தார். பையைத் தட்டினார். பெல்ட்டைக்கூடக் கழற்றி எறிந்தார்.

"மேடம், நீங்க பிடிங்க."

கொடுத்துவிட்டு ஓடினார். முப்பதடி. ஐம்பதடி. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி நின்று காது கொடுத்தார்.

டக்டக்டக்.

அந்த இடத்திலேயே குதித்தார்.

"மேடம்! நான் இல்லாமலே கத்துது!"