என் குகையில் புகை இல்லை

மலை உச்சியில் ஒரு குகை. அதில் காரையன் என்ற கரடி நெருப்பு வளர்த்து வந்தது. இடி விழுந்து எரிந்த மரத்திலிருந்து எடுத்து வந்த நெருப்பு அது. பனிக்காலத்தில் மானும் முயலும் முள்ளம்பன்றியும் அங்கே வந்து குளிர்காயும். சும்மா இல்லை. வரும்போது ஆளுக்குக் கொஞ்சம் தேனோ பழமோ கொண்டுவர வேண்டும்.

நெருப்பு நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் கரடிக்குத் தேன் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. குளிர் இல்லாத நாளிலும் அடுப்பு எரிந்தது. பச்சை மரத்தையும் விட்டுவைக்கவில்லை. புகை சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் போய்த் தேங்கியது.

அந்தப் பள்ளத்தாக்கில், ஓர் ஆயினி மரத்தில், இருவாச்சிப் பறவைகள் இரண்டு குடியிருந்தன. ஆண் பறவை பொன்னலகன். பெண் பறவை மாதி.

இருவாச்சியின் வழக்கம் தெரியுமா? முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். உள்ளே அதன் சிறகு உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். போன வருஷம் அந்தக் கீறல் வழியாகப் புகை நுழைந்து குஞ்சு செத்துப்போனது.

அதனால் இந்த முறை மாதி பொந்துக்குள் போகவில்லை.

"என்னங்க, கரடிகிட்ட போய் ஒரு வாக்கு வாங்கிட்டு வாங்க. அடுப்பை எப்போ அணைக்கும்னு கேளுங்க. அது தெரியாம நான் உள்ளே போகமாட்டேன்" என்றது.

பொன்னலகன் மலையேறிப் போனது. குகை முன்னால் எல்லா விலங்குகளும் இருந்தன. கரடியின் பக்கத்தில் சடையன் என்ற கருமந்திக் குரங்கு உட்கார்ந்திருந்தது. கரடிக்கு யோசனை சொல்வதும், வருகிற தேனில் பங்கு தின்பதும்தான் அதற்கு வேலை.

பறவை சொன்னதைக் கேட்டதும் கரடி நெஞ்சில் கை வைத்தது.

"உன் குஞ்சு போனதை நினைச்சா எனக்கும் மனசு கேட்கலை தம்பி. எல்லார் முன்னாலயும் வாக்குத் தர்றேன். மூங்கில் பூக்கிற நாள்ல என் குகையில பொட்டுப் புகை இருக்காது!"

ஆகா ஓகோ என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். மூங்கில் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். அந்தக் காட்டில் மூங்கில் பூத்துப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. கரடி யோசிக்காமலா நாள் குறித்தது?

பொன்னலகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லதுங்க ஐயா. ஓடைப் பக்கம் மூங்கில் கதிர் விட்டிருக்கு. மேலே பறந்து வரும்போது பார்த்தேன். எங்க முட்டை பொரியுற சமயத்துல பூத்துடும்."

கரடிக்குத் தொண்டையில் தேன் இறங்கவில்லை. ஊரறியச் சொன்ன சொல்லை மென்று விழுங்க முடியுமா?

பொன்னலகன் வீட்டுக்குப் பறந்தது. "வாக்குக் கிடைச்சிடுச்சு" என்றது. மாதி நம்பியது. பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டது.

இங்கே கரடி தலையில் அடித்துக்கொண்டது. "அடுப்பை அணைச்சா தேனுக்கு எங்கேடா போவேன்?"

சடையன் சொறிந்துகொண்டே சொன்னது: "எதுக்குத் தலைவரே கவலை? நீங்க என்ன சொன்னீங்க? 'என் குகையில'ன்னுதானே சொன்னீங்க?"

கரடி அதை நிமிர்ந்து பார்த்தது. மெல்லச் சிரித்தது.

மறுநாள் சடையன் காடெங்கும் சொல்லி வந்தது. "இனி யாரும் குளிர்காய மலையேற வேண்டாம். அவங்கவங்க இடத்துக்கே நெருப்பு வரும். தேனை மட்டும் மறக்காம அனுப்பிடுங்க."

எல்லாருக்கும் சந்தோஷம். முயல் வளையிலும் பாறை இடுக்கிலும் மரத்தடியிலும் அடுப்பு மூண்டது. ஓர் அடுப்பு எரிந்த மலையில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் அடுப்பு.

மூங்கில் பூத்தது. அன்று எல்லாரும் குகை முன்னால் கூடினார்கள். கரடி வழிவிட்டு நின்றது. உள்ளே சாம்பல்கூட இல்லை, அப்படிப் பெருக்கி வைத்திருந்தது. சொன்ன சொல் தவறாதவர் என்று இருமிக்கொண்டே பாராட்டி, மூங்கில் பூவில் மாலை கட்டிப் போட்டார்கள்.

அப்போது பொன்னலகன் வந்தது. அலகிலிருந்த அத்திப்பழத்தைக் கீழே வைத்தது.

"ஐயா, பள்ளத்தாக்குல கண்ணு தெரியலை. குஞ்சு நேத்துதான் பொரிஞ்சுது. உள்ளே ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது. அடுப்புகளை அணைக்கச் சொல்லுங்க."

"அது என் புகை இல்லையே தம்பி. முயல் வளையில வர்றது முயலோட புகை. மான் மூட்டினது மானோட புகை. என் குகையில இருந்தா காட்டு, இப்பவே அணைக்கிறேன்."

நெருப்பைக் கொடுத்ததே நீங்கதானே என்று முயல் சொல்ல வாயெடுத்தது. குளிரை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. மானும் தலையைக் குனிந்துகொண்டது.

"புகைக்குக் குகை தெரியுமா ஐயா?" என்று பொன்னலகன் கேட்டது. அத்திப்பழத்தை மறுபடி அலகில் கவ்வியது. அது திரும்பிப் போனது.

மரத்தடியில் மண் உதிர்ந்து கிடந்தது. மாதி அலகாலேயே சுவரை உடைத்திருந்தது. சிறகில்லாத உடம்போடு பொந்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் குஞ்சு அசையாமல் கிடந்தது.

"வாக்கு வாங்கிட்டேன்னு சொன்னீங்களே" என்றது மாதி.

"வாங்கினேன். ஒரு வார்த்தையைக் கவனிக்காம வாங்கிட்டேன்."

அன்று சாயங்காலம் காற்று திசை மாறியது. மலையிலிருந்த அத்தனை அடுப்பின் புகையும் மேலேறி அந்தக் குகைக்குள் புகுந்தது. கரடி கழுத்தில் மாலையோடு வெளியே ஓடிவந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது.

"இது என் புகை இல்லை... என் புகை இல்லை..." என்று இருமலுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தது.

முயல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தன் வளைக்குப் போய், மண்ணைத் தள்ளி அடுப்பை மூடியது. மானும் மூடியது. எல்லாம் அணைந்து முடிந்தபோது பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிந்தது. ஆயினி மரத்தில் அந்தப் பொந்து திறந்தே கிடந்தது.

அடுப்பை இடம் மாற்றி வைத்தவன் புகையை நிறுத்தியவன் ஆகமாட்டான்.