கழலாத கூடு

"ஏனுங்க டீச்சர், அந்த மெழுகுல என்ன கலக்கறீங்க?"

"ஒண்ணும் கலக்கலையே அண்ணே."

"பொய்."

கோதண்டம் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

கரூரில் முப்பது வருஷம் பஸ்ஸுக்குத் தகரம் தட்டியவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. இப்போது கோவை உக்கடத்தில், பல்கீஸ் டீச்சரின் ஷெட்டில் தொழில் பழகுகிறார். டீச்சர் அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வீட்டிலேயே ரோபோ செய்கிறவர்கள் அதற்கு மேல்கூடு வேண்டுமென்று அவரிடம்தான் வருவார்கள்.

வேலை என்னவோ எளிதுதான். ரோபோவின் அளவுக்கு மரக்கட்டையை இழைக்க வேண்டும். ஒட்டாமலிருக்க மெழுகு பூச வேண்டும். மேலே ஃபைபர் துணியை விரித்து ரெசின் பசை பூச வேண்டும். காய்ந்ததும் கூட்டை உருவ வேண்டும்.

டீச்சர் தட்டினால் கூடு கழன்று வரும்.

கோதண்டம் தட்டினால் வராது. உளியை விட்டு நெம்புவார். கூடு தோள்பட்டையில் கிழியும்.

டீச்சர் பதிலுக்கு, குடித்து வைத்திருந்த, அடி சிறுத்த இரண்டு டீ டம்ளர்களை எடுத்தார். ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டார். உருவினார். மறுபடி போட்டார். உருவினார். இரண்டையும் கோதண்டத்தின் முன்னால் வைத்தார்.

கோதண்டம் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே குடித்தார். அந்தச் சிரிப்பும் கோதண்டத்துக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் டீச்சரின் மெழுகு டப்பாவை முகர்ந்து பார்த்தார். மெழுகு வாசனைதான். டீச்சர் வெளியே போன நேரம், தன் டப்பாவை அங்கே வைத்து அவருடையதை எடுத்துக்கொண்டார்.

டீச்சரின் கூடு அன்றும் கழன்று வந்தது. இவருடையது அன்றும் கிழிந்தது.

'அப்படியென்றால் கலக்குகிற சாமான் டப்பாவில் இல்லை. அந்த அறையில் இருக்கிறது.'

ஷெட்டின் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு பூட்டு. கோதண்டம் சேர்ந்த மறுநாள்தான் அந்தப் பூட்டு வந்தது. புதுப் பூட்டு. ஏழு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரம் மாசிலாமணி வந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்க ஒரு ரோபோ செய்திருந்தார். அதன் உடம்பெல்லாம் ஒயர்.

"சம்சாரம் ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வர்றா. இந்தக் கோலத்துல பாத்தா மறுபடியும் அங்கயே போயிருவா. நல்லதா ஒரு சட்டை போட்டு விடுங்க."

"கோதண்டண்ணன் செய்வாரு" என்றார் டீச்சர்.

மாசிலாமணி கோதண்டத்தின் மரக்கட்டையைச் சுற்றிவந்து பார்த்தார். "என்னங்க, ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு?"

அவர் போனபிறகு டீச்சரும் கேட்டார். "ஏண்ணே எல்லாத்தையும் பெட்டியாவே செய்யறீங்க? சுவரெல்லாம் நட்டுக்குத்தலா நிக்குது."

"நேர்சுவரை எவனும் திருட மாட்டான்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கதையை கோதண்டம் முதல் நாளே சொல்லியிருந்தார். பதினாறு வருஷத்துக்கு முன்னால், கரூரில், அவர் கையால் தட்டிய ஒரு பஸ் முகப்பு. எவனோ அதன்மேல் ஃபைபர் போட்டு அச்சு எடுத்து, ஐந்து பஸ்ஸுக்கு மாட்டிவிட்டான். இடது விளக்குக்குக் கீழே அவர் அடையாளத்துக்குக் குத்திய பள்ளம், புளியங்கொட்டை அளவு, அதுகூட அப்படியே இருந்தது. எவன் என்று தெரியவில்லை. பட்டறையில் பதினொரு பேர். பதினொரு பேரோடும் பேச்சை விட்டார். அதன்பிறகு வளைவு வைத்து அவர் எதையும் செய்ததில்லை.

"இதுவும் கிழிஞ்சா வேலையை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்ணே. ஞாயித்துக்கிழமை அந்தம்மா வந்துருவாங்க" என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை மத்தியானம் அதுவும் கிழிந்தது.

கோதண்டம் கிழிந்த கூட்டைத் தூக்கிவந்து டீச்சரின் காலடியில் போட்டார்.

"வேலையைப் பிடுங்கிக்கங்க. ஆனா போறதுக்கு முந்தி அந்த ரூமைப் பாக்கணும். ஏழு மாசமா என்னத்தைப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

டீச்சர் அவரைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

கோதண்டம் பூட்டைத் திறந்தார். டப்பாவைத் தேடினார். டப்பா இல்லை.

சுவரில் ஒரு பஸ்ஸின் முகம் சாய்ந்திருந்தது. ஃபைபர். தூசி படிந்திருந்தது.

இடது விளக்குக்குக் கீழே விரலை வைத்தார்.

புளியங்கொட்டை.

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"நீயா?"

"நான்தான். இங்க பக்கத்து ஷெட்ல பெயிண்டுக்கு வந்து நின்ன பஸ்ஸு. யார் செஞ்சதுன்னு தெரியாது. ஆறு முகப்பு எடுத்து அஞ்சை வித்தேன். அதுல ஆரம்பிச்சதுதான் இதெல்லாம்." டீச்சர் வாசலிலேயே நின்றார். "நீங்க வந்து புளியங்கொட்டைன்னு சொன்னீங்க. மறுநாளே பூட்டு வாங்கினேன்."

"பதினொரு பேரு..."

"தெரியும்ணே. பன்னெண்டாவதா என்னையும் சேத்துக்கங்க."

கோதண்டம் அங்கே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தார். முகப்பை ஓங்கி அடிக்கப் போனவர், எங்கே அடிப்பது என்று பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். கம்பி கையிலேயே நின்றது.

"ஒண்ணு கேக்கறேன். இதுலயாவது உண்மையைச் சொல்லு."

"கேளுங்க."

"அன்னிக்கு இது கழண்டு வர என்ன மெழுகு போட்ட?"

"மெழுகு வாங்க எங்கிட்ட ஏது காசு? தலைக்கு வெக்கிற தேங்காயெண்ணெயைத் தடவினேன். ரெண்டு தட்டு தட்டினேன். தானா வந்துருச்சு."

கோதண்டம் கம்பியைக் கீழே போட்டார். உள்ளங்கையை முகப்பின் நெற்றியில் வைத்தார். கை கன்னத்துக்கு வழுக்கி, தாடைக்கு இறங்கி, கீழ்விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. எங்கும் நிற்கவில்லை.

மறுபடி வைத்தார். மறுபடி வந்தது, டம்ளரிலிருந்து டம்ளர் வந்ததுபோல.

அவர் டீச்சரின் முகத்தைப் பார்க்காமலேயே அவரைத் தாண்டி ஷெட்டுக்குள் நடந்தார். நட்டுக்குத்தலாக நின்ற தன் மரக்கட்டையின் முன்னால் போய் நின்றார்.

"இழைப்புளி எங்க?" என்றார்.