ஆட்டுக்குப் போன சக்கை

பச்சைமலை அடிவாரத்து வைத்தியர் பூவராகனிடம் சீடராகச் சேர்ந்தவர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் திருமேனி. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். தகப்பனாரையும் அண்ணனையும் குடல் புற்று கொண்டுபோயிருந்தது. அடுத்தது தானோ என்ற பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூலிகை படிக்க வந்தேன் என்று மட்டும் சொல்லிவைத்தார்.

வைத்தியசாலையில் பச்சிலையை இடித்து, சாறு பிழிந்து, சக்கையைக் கொட்டிவிடுவது வழக்கம். வாத்தியார் அதைச் சாப்பாட்டுக்கும் நீட்டிவிட்டார். புற்றைத் தடுக்கும் சத்தெல்லாம் சாற்றில்தான் என்பது அவர் முடிவு. கீரையோ கேரட்டோ கொய்யாவோ, எது கிடைத்தாலும் இடி, பிழி, வடிகட்டு, குடி. சக்கை ஆட்டுக்கு. அதற்கு மேல் மஞ்சள்தூள் வேறு.

கொஞ்ச நாளில் மனிதர் எவ்வளவு மஞ்சளாகிவிட்டார் என்றால், வழியில் போன கல்யாணக் கோஷ்டி இவர்தான் மாப்பிள்ளை என்று வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தாலி கட்டுவதற்குள் தப்பி வந்தது பெரும் பாடு. ஆடோ யானைக்குட்டி கணக்காகக் கொழுத்துக் கிடந்தது.

ஒரு மத்தியானம் குருவே பரிமாறினார். இலையில் வடிகஞ்சி ஓடியது. அவரைக்காயைப் பிழிந்த தண்ணீர் ஒரு டம்ளரில் வந்தது. சோறும் பொரியலும் நேராக ஆட்டிடம் போயின.

“குருவே, சாப்பாடு?”

“அதுதான் வாத்தியாரே. உம்ம முறைப்படி சாரத்தை இறக்கிவிட்டேன்.”

“சக்கையில் அப்படி என்னதான் இருக்கிறது?”

“ஆட்டைக் கேளும். அது காலைக்கடனை நடந்துகொண்டே முடித்துவிடுகிறது. நீர் கக்கூசுக்குள் போனால் வெளியே வரிசை நிற்கிறது.”

வாத்தியாரின் மஞ்சள் முகம் காது வரை சிவந்தது. அடக்கிவைத்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது.

“சிரிக்காதீர்கள் குருவே. அப்பா அந்த நோயில்தான் போனார். அண்ணனும் அதில்தான். இனிமேல் சக்கையோடு சேர்த்தே தின்கிறேன். எனக்கு வராது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

குரு சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அந்த வார்த்தையை எந்தச் செடியும் எனக்குச் சொன்னதில்லை. கிளம்பும், டவுன் பெரியாஸ்பத்திரிக்கு. பின்பக்கமாகக் குழாய் விட்டு, குடலைக் கேமராவில் பார்த்துச் சொல்வார்கள்.”

“ஐயோ குருவே! பயமாக இருக்கிறது.”

“எனக்கும்தான். டாக்டர் என்னைப் போன வருஷமே இந்தச் சோதனைக்கு வரச் சொன்னார். கூட வர ஓர் ஆள் கிடைக்கட்டும் என்றுதான் உம்மைச் சீடராகச் சேர்த்துக்கொண்டேன்.”