கிணற்றுக்குள் எரிந்த டார்ச்

சில்லாம்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் ஒச்சப்பனுக்கு ஒரு பெரிய சங்கடம் வந்து சேர்ந்தது. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்டு போய்விட்டது. இருட்டில் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம், “ஐயோ, பாம்பு!” என்று கத்தினாள். ஒச்சப்பன் கம்பை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டான். அடி விழுந்தது அவள் காலில். பாம்பு என்று அவள் மிதித்தது மாட்டுக் கயிறு. கயிற்றுக்கு ஒரு சேதாரமும் இல்லை.

வீட்டில் இருந்த பழைய டார்ச்சோ, நாலு தட்டுத் தட்டினால் ஒரு தரம் எரியும். பஞ்சவர்ணம் மறுநாள் நொண்டிக்கொண்டே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து போனில் கறாராகச் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸுல வர்றேன். நல்லா எரியுற டார்ச்சைக் கண்ணால பாத்தாத்தான் வீட்டுக்குள்ள கால் வைப்பேன். இல்லேன்னா அதே பஸ்ஸுல திரும்பிருவேன், ஆமா.”

பஞ்சவர்ணம் இல்லாத வீட்டில் ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாமன் முறையான வீரணனையும் சிநேகிதன் மாயழகுவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினான். பொருள் வாங்கப் போகையில் விஷயம் தெரிந்த ரெண்டு பேர் கூட இருப்பது நல்லதுதானே.

கடைக்காரர் பொறுமைசாலி, பாவம். கைக்கு அடக்கமான ஒரு டார்ச்சை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். காலை வெயில் கடைக்குள் முக்கால்வாசி வந்து உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் இருந்த இடம் தெரியவில்லை.

“இது எரியலையே அண்ணாச்சி” என்றான் ஒச்சப்பன்.

“எரியுதுய்யா. வெயில்ல தெரியாது. இருங்க” என்று அவர் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி போட்டார். அடேயப்பா! கடையே பளீரென்று ஆகிவிட்டது. மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். அவர் ஷட்டரை ஏற்றியதும், அதே டார்ச்சை வாங்கி வாசலில் வைத்து மாயழகு போட்டுப் பார்த்தான். ஒன்றுமே இல்லை.

“அண்ணாச்சி, இது கடைக்குள்ள மட்டுந்தான் எரியுது” என்றான் மாயழகு. “நாங்க கடையைத் தூக்கிட்டா போக முடியும்?”

கடைக்காரர் ஒச்சப்பனின் துண்டை வாங்கி மூன்று தலைகளையும் மூடி, உள்ளே டார்ச்சைப் போட்டுக் காட்டினார். கடைவீதியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். துண்டுக்குள்ளிருந்து, “எரியுதுடா மாப்ள, எரியுது!” என்று வீரணனின் குரல் கேட்டது.

அடுத்து நீளமான ஒன்றை எடுத்தார். இதன் வெளிச்சம் அரைக் கிலோமீட்டர் போகும் என்றார். வீரணன் முகம் சுருங்கிவிட்டது.

“மாப்ள, உன் வீடு எவ்வளவு தூரம்?”

“வாசல்ல இருந்து கொல்லைக்குப் பத்து எட்டு வச்சாப் போதும் மாமா.”

“மிச்ச வெளிச்சம் எங்கிட்டுப் போகும்? அடுத்த ஊருக்குப் போகும். நீ சார்ஜு போடுவ, அவிங்க நோகாம அதுல உக்காந்து சீட்டு விளையாடுவாய்ங்க. வேணாம்.”

தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று இருந்தது. ஒச்சப்பனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பினான். மாயழகு தடுத்துவிட்டான். “நீ பாக்குற பக்கந்தான் வெளிச்சம் விழும். அந்தப் புள்ள பஞ்சவர்ணம் பாக்குற பக்கம் இருட்டாத்தான இருக்கும்? அப்புறம் உன் தலையைப் பிடிச்சுத் திருப்பும். தேவையா உனக்கு?” நியாயமாகப் பட்டது. கழற்றிக் கொடுத்துவிட்டான்.

இன்னொன்று ஐந்து விதமாக எரிந்தது. கடைசி விதம் விட்டுவிட்டு மின்னியது. “ஆபத்துன்னா தூரத்துல இருக்கவங்களுக்குத் தெரியும்” என்று கடைக்காரர் விளக்கினார். ஒச்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க பழைய டார்ச்சு இதைத் தன்னாலயே செய்யுமே அண்ணாச்சி!”

கடைசியில் முதலில் பார்த்த சின்ன டார்ச்சுக்கே வந்து நின்றார்கள். வீட்டுக்கும் போதும், வெளியே போனால் மடியிலும் செருகிக்கொள்ளலாம். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். “முழுசா ஏத்தியே குடுத்திருக்கேன்” என்றார் கடைக்காரர். ஆள்கள் கிளம்பினால் போதும் என்கிற சந்தோஷத்தில் தேவையில்லாத ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டார். “தண்ணிக்குள்ள கிடந்தாலும் அணையாது. தைரியமாக் கொண்டு போங்க.”

மதியம் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஒச்சப்பன் வீட்டுக்கு எதிரிலேயே ஊர்க் கிணறு. படி வைத்த பெரிய கிணறு. அதைச் சுற்றித்தான் பஸ் திரும்பும். வீரணன் அங்கேயே நின்றுவிட்டான்.

“மாப்ள, தண்ணிக்குள்ள அணையாதுன்னாரே, நீ பாத்தியா?”

“பாக்கலையே மாமா.”

“பாக்காம எப்படிப் பொண்டாட்டி கையில குடுப்ப? அது மொதக் கேள்வியே அதைத்தான் கேக்கும்.”

பஞ்சவர்ணம் கேட்டு, தான் முழித்தால்? ஒச்சப்பன் டார்ச்சைப் போட்டு, எரிய எரிய வாளிக்குள் வைத்தான். கயிற்றை மாயழகு பிடித்தான். சின்ன வயதிலிருந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்த கை அது. வாளி தண்ணீரைத் தொட்டதும், கை பழக்கத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டியது. வாளி அழகாகச் சாய்ந்தது, நிறைந்தது. மேலே இழுத்தான். தளும்பத் தளும்பத் தண்ணீர் இருந்தது. டார்ச் இல்லை.

மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். கோடைக்காலம், கிணற்றில் இடுப்பளவுத் தண்ணீர்தான். இருண்டு கிடந்த அடியில் டார்ச் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு கெண்டை மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“கடைக்காரர் பொய் சொல்லலைப்பா” என்றான் வீரணன் நெகிழ்ந்துபோய்.

கொஞ்ச நேரம் ரசித்தார்கள். ஒச்சப்பனுக்குத்தான் முதலில் உறைத்தது. “மாமா, இப்படியே எரிஞ்சா சார்ஜு தீந்துருமே! அவ வர்ற நேரத்துல எரியலைன்னா என் குடும்பமே போச்சே!”

“அப்ப நிக்காத மாப்ள, ஓடு! ஓடிப் போய் அணைச்சுட்டு வா!”

ஒச்சப்பன் தடதடவென்று படியிறங்கினான். தண்ணீரில் முங்கினான். டார்ச்சைக் கையில் எடுத்து அணைத்தான். தண்ணீருக்குள் கிடந்த கடைசிப் படியில் அலுங்காமல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு சொட்டச் சொட்ட மேலே வந்தான்.

“அணைச்சாச்சா?” என்றான் வீரணன்.

“அணைச்சுட்டேன் மாமா.”

“நல்ல வேளைடா” என்று மாயழகு பெருமூச்சு விட்டான். மூன்று பேருக்கும் நிம்மதியாக இருந்தது.

பஸ் வந்தது. பஞ்சவர்ணம் பையோடு இறங்கினாள். டிரைவர் டீக்கடைக்குப் போனார். டீ குடித்து முடித்ததும் பஸ் கிளம்பிவிடும்.

“எங்க டார்ச்சு?”

“கிணத்துக்குள்ள இருக்கு” என்றான் ஒச்சப்பன்.

பஞ்சவர்ணம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பக்கத்து ஊரில் பிறந்தவள்தான், ஆனால் சில்லாம்பட்டித் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தவள்.

“எரியுமா?”

“நல்லா எரியும். சார்ஜு வீணாப் போகக் கூடாதுன்னு அணைச்சு வச்சிருக்கேன்.”

“போட்டுக் காட்டுங்க. நான் கண்ணால பாக்கணும்.”

ஒச்சப்பன் மறுபடி இறங்கினான். காலால் துழாவி எடுத்துப் போட்டான். கிணறு முழுக்க வெளிச்சம் பரவியது. மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்த பஞ்சவர்ணத்தின் முகத்திலும் வெளிச்சம் அலையடித்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

“ஏம்மா, வர்றியா இல்லையா?”

“நீங்க போங்கண்ணே” என்றாள் பஞ்சவர்ணம். பஸ் போய்விட்டது. ஒச்சப்பனுக்குக் கிணற்றுக்குள்ளேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது.

“நல்ல டார்ச்சுதான்” என்று மேலிருந்து குரல் கொடுத்தாள். “பாத்தாச்சு, போதும். சும்மா எரிய விடாதீங்க. அணைச்சு வச்சுட்டு மேல வாங்க.”

அவன் அணைத்து, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் சந்தோஷமாக வீட்டுக்குள் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பொழுது சாய்ந்தது. கரண்டும் வழக்கம்போலப் போனது. “ஏங்க, இருட்டிருச்சே, டார்ச்சைப் போடுங்க!” என்று பஞ்சவர்ணம் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

“இந்தா வந்துட்டேன்” என்றான் ஒச்சப்பன். கிணற்றுப் படியில் ஒரே கும்மிருட்டு. அதனால் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, டார்ச்சைப் போட இறங்கினான்.